பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் காசைத் தராசில் போட்டார்

போன வருடம் என் நாணயச் சேகரிப்பில் பாதியை விற்றேன். பணக் கஷ்டம் இல்லை. பதினாறு வருடம் சேர்த்ததை ஒருநாள் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது, பல காசுகளை எதற்காக வாங்கினேன் என்று எனக்கே ஞாபகம் வரவில்லை. சரி, கையில் எடுத்தால் மனசு மலர்கிற காசுகள் மட்டும் இருக்கட்டும், மற்றதைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் எடுத்துப் போனது ஒரு மரப்பெட்டி. நீல வெல்வெட் விரித்த பெட்டி, உள்ளே இருபத்து நான்கு வெள்ளி நாணயங்கள், ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் கூட்டுக்குள், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்ட சான்றிதழ். இரண்டு வருடம் மாதத்துக்கு ஒன்று என்று தபாலில் வரவழைத்துச் சேர்த்தது. என் சேகரிப்பிலேயே விலை உயர்ந்தது அதுதான் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். வியாபாரி பெட்டியைத் திறந்தார், ஒவ்வொரு கூட்டையும் கட்டைவிரலால் நெம்பி, காசை மட்டும் எடுத்தார். பெட்டியையும் சான்றிதழ்களையும் பதமாக ஓரத்தில் அடுக்கினார். அப்புறம் இருபத்து நான்கையும் ஒரே குவியலாகத் தராசில் போட்டார்.

“வெள்ளிக்கு என்ன வருதோ அதைத் தர்றேன் சார். பெட்டியை நீங்களே வெச்சுக்கலாம்.”

நான் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. கோபம் வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் கீழ்த்தட்டைத் திறந்து காட்டினார். அதே நீல வெல்வெட் பெட்டிகள் நான்கு அங்கே இருந்தன. யார் யாரோ ஆசை ஆசையாக மாதாமாதம் கட்டிச் சேர்த்தவை. கோபம் அங்கேயே போய்விட்டது. அவர் சொன்ன விலை நியாயமான விலைதான், தவறு நான் வாங்கிய விலையில் இருந்தது.

அன்றிலிருந்து ஒரு வருடம் மற்ற காசுகளையும் ஒவ்வொன்றாக விற்றேன், சிலவற்றை மாற்றிக்கொண்டேன், சிலவற்றை விற்கப் போய் மனசு வராமல் திரும்பக் கொண்டுவந்தேன். எந்தக் காசுக்கு எதற்காக அதிகம் கொடுத்தோம் என்பது வாங்கும்போது தெரிவதே இல்லை, விற்கும்போதுதான் தெரிகிறது. புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு ஒரு காசை வாங்காமல் விட்டால்கூட எனக்குச் சந்தோஷம்.

அந்தப் பெட்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ‘உலகம் முழுவதற்கும் 5,000 மட்டுமே’ என்று சான்றிதழில் போட்டிருந்தார்கள். 5,000 என்பது சின்ன எண்தான். ஆனால் அதைத் தேடுகிறவர்கள் ஐந்நூறு பேர்கூட இல்லையென்றால் அந்த எண்ணுக்கு என்ன பொருள்? நியுவே, குக் தீவுகள், பலாவ் போன்ற சிறிய நாடுகளின் பெயரில் ஆண்டுதோறும் எத்தனையோ வடிவங்களில் சேகரிப்பாளர்களுக்கென்றே நாணயங்கள் வருகின்றன. விலங்கு, கார்ட்டூன், கப்பல், ராசி, வண்ணம் பூசியது, கல் பதித்தது என்று எல்லாம் உண்டு. சட்டப்படி அவை நாணயங்கள்தான், முகமதிப்பும் உண்டு. ஆனால் எந்தக் கடையிலும் எவர் கையிலும் அவை புழங்கியதில்லை. ஒவ்வொன்றும் குறைவாக அடிக்கப்பட்டாலும் மொத்தத்தில் அது ஒரு வெள்ளம், அடுத்த வருடம் அதைவிடப் பளபளப்பாக இன்னொன்று வரும்போது போன வருடத்துக் காசைக் கேட்க ஆள் இருக்காது. பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒன்று வாங்குவது வேறு, அதில் ஒரு குறையும் இல்லை. முதலீடு என்று யாராவது சொன்னால் மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது எனக்கு உண்மையிலேயே வலித்த காசு. அமெரிக்காவின் 1909 எஸ் விடிபி லிங்கன் சென்ட். இந்தப் பொழுதுபோக்கில் கொஞ்ச நாள் இருந்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும். ஆபிரகாம் லிங்கன் பிறந்து நூறாண்டு ஆனதை ஒட்டி 1909 ஆகஸ்டில் வெளியான செப்புக் காசு. வடிவமைத்தவர் விக்டர் டேவிட் பிரென்னர். தன் பெயரின் வி, டி, பி என்ற மூன்று முதலெழுத்துகளைக் காசின் பின்பக்கம், இரண்டு கோதுமைக் கதிர்களின் தண்டுகள் கீழே நெருங்கி வரும் இடத்தில் போட்டிருந்தார். ஒரு கலைஞர் தன் பெயரை இவ்வளவு கண்ணில் படும்படி போடலாமா என்று எதிர்ப்புக் கிளம்பி, சில நாட்களிலேயே எழுத்துகளை எடுத்துவிட்டார்கள். 1918-இல்தான் லிங்கனின் தோளுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத அளவில் திரும்ப வைத்தார்கள். எழுத்துகளை எடுப்பதற்கு முன் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை அடித்தது 4,84,000. அந்த ஊரைக் குறிக்கும் எஸ் எழுத்து முன்பக்கம் ஆண்டுக்குக் கீழே இருக்கும்.

இதைப் படித்ததும் எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு வருடம் வேறு எந்தக் காசும் வாங்காமல் பணம் சேர்த்தேன். கடைசியில் ஒன்று வாங்கினேன், தேய்ந்ததுதான், ஆனாலும் அந்த மூன்று எழுத்தும் தெளிவாக இருந்தன. வாங்கிய இரவு லென்ஸ் வைத்து எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது.

சில மாதம் கழித்து ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போனேன். வாசலிலிருந்து மூன்றாவது மேசையில் ஒன்று இருந்தது. அடுத்த வரிசையில் இரண்டு. கடைசி மேசைக்கு வருவதற்குள் ஏழு எண்ணிவிட்டேன். நான் இரண்டு வருடம் பட்டினி கிடந்த மாதிரி காத்திருந்து வாங்கிய ‘அரிய’ காசு ஒரே கூடத்தில் ஏழு! என்னுடன் வந்திருந்த மூத்த சேகரிப்பாளர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, அதே வருஷம் அதே ஊர்ல அடிச்ச இந்தியன் ஹெட் சென்ட் ஒண்ணு இருக்கு. இந்தக் கூடத்துல எத்தனை இருக்குன்னு தேடிப் பாருங்க” என்றார். தேடினேன். ஒன்றே ஒன்று இருந்தது.

1909 எஸ் இந்தியன் ஹெட், லிங்கன் காசுக்கு முந்தைய வடிவம், அந்த வடிவத்தின் கடைசி வருடம். அடிக்கப்பட்டது 3,09,000 மட்டுமே. விடிபியை விட 1,75,000 குறைவு. அதோடு, விடிபி பற்றி அப்போதே பேச்சுக் கிளம்பியதால் கையில் கிடைத்தவர்கள் புதுசாகவே எடுத்து வைத்துக்கொண்டார்கள், நல்ல நிலையில் நிறையத் தப்பிப் பிழைத்தன. பழைய வடிவத்தை அப்படி யார் பொத்தி வைப்பார்கள்? அது கைமாறிக் கைமாறித் தேய்ந்தது. ஆனாலும் ஒரே தரத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விடிபிக்குத்தான் விலை அதிகம். காரணம் கதை. லிங்கன் சென்ட் சேர்க்கிற லட்சக்கணக்கானவர்களின் ஆல்பத்தில் அந்த ஒரு குழி காலியாக இருக்கும், சின்ன வயதிலிருந்து அந்தக் குழியைப் பார்த்து வளர்ந்தவர்கள் பெரியவர்கள் ஆனதும் என்ன விலை என்றாலும் வாங்கி நிரப்புகிறார்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான் விற்ற காசுகளிலேயே மிகச் சுலபமாகக் கைமாறியது இந்த விடிபிதான். அரை மணி நேரத்தில் போய்விட்டது, பெரிய நஷ்டமும் இல்லை. புகழுக்குக் கொடுத்த பணம் புகழ் இருக்கிற வரை திரும்ப வரும். அதனால் ‘அரிது என்று நம்பி வாங்கும் காசு’ வேறு, ‘விலை விழும் காசு’ வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழகினேன். விடிபி அரிது என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான், எல்லோரும் விரும்புகிற காசு என்று தெரிந்தே வாங்கினால் தாராளமாக வாங்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. பிலடெல்பியாவில் அடித்த விடிபி காசுகள் சுமார் 2 கோடியே 80 லட்சம், அவற்றில் எஸ் கிடையாது, விலையும் சொற்பம். அதில் ஒரு பொய் எஸ் ஒட்டி விற்பது பல காலமாக நடக்கிற திருட்டு. எழுத்தின் அடியில் மெல்லிய இடைவெளியோ சுற்றிலும் நிற வேறுபாடோ தெரிகிறதா என்று லென்ஸில் பாருங்கள், தெரியாவிட்டாலும் நம்பகமான நிறுவனம் சோதித்துப் பிளாஸ்டிக் தகட்டுக்குள் மூடிய காசாக இல்லாமல் இதை வாங்க வேண்டாம்.

‘குறைவாக அடித்தது’ என்பதும் ‘குறைவாக இருப்பது’ என்பதும் ஒன்றல்ல என்று எனக்கு முழுசாக விளங்கியது மார்கன் வெள்ளி டாலர்கள் மூலம். 1878 முதல் 1904 வரை, பிறகு 1921-இல் மறுபடியும் அடிக்கப்பட்ட கனமான காசு, 26.73 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. அதில் கார்சன் சிட்டி என்ற சின்ன நாணயச்சாலையின் சிசி என்ற இரட்டை எழுத்து இருந்தால் எல்லோருக்கும் கண் விரியும். மேற்குப் பக்கத்துச் சுரங்கம், காட்டுப் பாதை, குதிரை வண்டி என்று மனசு ஓடும். நானும் 1884 சிசி ஒன்று வாங்கினேன், அடித்தது 11,36,000. மார்கன் வரிசையில் அது குறைவான எண்தான். ஆனால் அதில் சுமார் 9,62,000 காசுகள், அதாவது நூற்றுக்கு எண்பத்தைந்து, வெளியே போகவே இல்லை. மூட்டையில் கட்டியபடியே அமெரிக்க அரசின் கருவூலத்தில் கிடந்து, 1972 முதல் அரசே கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு மக்களுக்கு விற்றது. தொண்ணூறு வருடப் பழைய காசு, அப்படியே புதுசாக, ஒன்பதரை லட்சம்! அந்த வருடத்துக் காசில் தேய்ந்ததைத் தேடுவதுதான் கஷ்டம்.

இதற்கு நேர் எதிரான கதையும் அதே வரிசையில் உண்டு. 1903 ஓ, நியூ ஆர்லியன்சில் அடித்தது. நாற்பது லட்சத்துக்கு மேல் அடித்தும் புதுசாகக் கண்ணில் படுவது மிக அபூர்வமாக இருந்தது. 1918-இல் ஒரு சட்டத்தின்படி 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன, இந்த வருடத்துக் காசும் அதில் போயிருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள், மார்கன் வரிசையிலேயே மிக விலை உயர்ந்தவற்றில் ஒன்றாக அது இருந்தது. 1962 நவம்பரில் கருவூலத்திலிருந்து சில மூட்டைகள் வெளியே வந்தன. பிரித்தால் 1903 ஓ. அந்தக் குளிர்காலத்திலேயே விலை பாதாளத்துக்குப் போனது. அதற்கு முந்தைய வருடம் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து அதை வாங்கிய யாரோ ஒருவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அன்றைக்கு இருந்த எல்லாப் பட்டியலும் அது அரிது என்றுதான் சொல்லின.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. டென்வர் நாணயச்சாலையின் 1950 டி ஐந்து சென்ட், 26,30,030 மட்டும், ஜெஃபர்சன் நிக்கல் என்ற அந்த ஐந்து சென்ட் வரிசையிலேயே குறைவு. குறைவு என்று வெளிவந்த உடனே தெரிந்துவிட்டதால் உருளை உருளையாகப் பதுக்கினார்கள், 1960-களின் தொடக்கத்தில் விலை ஏறோ ஏறென்று ஏறி, பிறகு சரிந்தது. இன்றைக்கும் புத்தம் புதிதாகச் சுலபமாகக் கிடைக்கிறது. எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த அரிய காசு அரிதாக இருக்கவே முடியாது, ஏனென்றால் யாரும் அதைச் செலவழிப்பதில்லை.

நம் காலத்தில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். பிரிட்டனின் ஐம்பது பென்ஸ் ஏழுமுனைக் காசு, 2009-இல் கியூ தாவரவியல் பூங்காவின் 250-ஆவது ஆண்டுக்கு அடித்தது, பின்பக்கம் அந்தப் பூங்காவின் சீனக் கோபுரம். 2,10,000 மட்டுமே புழக்கத்துக்கு வந்தது. ஐந்து வருடம் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2014-இல் இதுதான் புழக்கத்தில் உள்ள மிக அரிய ஐம்பது பென்ஸ் என்று செய்தி வந்ததும் ஊர் முழுக்கச் சில்லறைப் பையைக் கொட்டித் தேட ஆரம்பித்தது. நானும் அந்தச் சூட்டில் முகமதிப்பைப் போல நூறு மடங்குக்கு மேல் கொடுத்து ஒன்று வாங்கினேன். 2019-இல் அதே வடிவத்தை 2019 என்று ஆண்டு போட்டுச் சேகரிப்பாளர் தொகுப்பில் மறுபடி அடித்தார்கள். அப்புறம் 2023 ஆண்டிட்ட, சால்மன் மீன் போட்ட ஐம்பது பென்ஸ் 2,00,000 மட்டுமே என்று தெரியவந்ததும், ‘மிக அரியது’ என்ற பட்டமும் கியூ காசை விட்டுப் போய்விட்டது. அழகான காசு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு லட்சம் காசுகளும் இன்று யார் யார் அலமாரியிலோ பத்திரமாக இருக்கின்றன, தொலையவில்லை, உருகவில்லை. பட்டத்துக்காக வாங்கினால் பட்டம் போகிற அன்றைக்குக் கையில் என்ன மிஞ்சும் என்று ஒருமுறை யோசித்துவிட்டு வாங்குங்கள். கூடவே, இந்தக் காசில் போலிகளும் ஏராளம்.

இனி எனக்கு ஆதங்கம் அதிகமாக உள்ள விஷயத்துக்கு வருகிறேன். கிரேடு, அதாவது காசின் தர எண், அதிலும் 70.

1 முதல் 70 வரையிலான அளவுகோலை 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட்களுக்காக உருவாக்கினார். என்ன காசு என்று மட்டும் தெரிகிற அளவுக்குத் தேய்ந்தது 1, குறையே இல்லாதது 70, அந்த எண்ணே கிட்டத்தட்ட விலையின் மடங்காகவும் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பல வருடம் கைபட்டுப் புழங்கிய காசுகளைத் தரம் பிரிக்க அது நல்ல வழி. 1980-களின் நடுவில், 1986-இல் பிசிஜிஎஸ், 1987-இல் என்ஜிசி என்று நிறுவனங்கள் வந்து காசைச் சோதித்து, எண் போட்டு, பிளாஸ்டிக் தகட்டுக்குள் மூடித் தர ஆரம்பித்தன. ஸ்லாப் என்பார்கள். இவர்கள் இல்லையென்றால் போலிகளிடம் நாம் எல்லோரும் மாட்டியிருப்போம், அதற்கு நான் மனப்பூர்வமாக நன்றியோடு இருக்கிறேன்.

சிக்கல் எங்கே என்றால், போன மாதம் இயந்திரத்திலிருந்து வந்த காசுக்கும் அதே அளவுகோலை வைப்பதில். இன்றைய நாணயச்சாலைகள் ஒரு அவுன்ஸ் வெள்ளிக் காசை அடிக்கும் நேர்த்திக்கு 69 வாங்குவது சாதாரணம், 70-உம் ஆயிரக்கணக்கில் விழுகிறது. 69-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசத்தை என்னிடம் இருந்த இரண்டு ஸ்லாப்களின் எண்ணை ஸ்டிக்கரால் மறைத்துவிட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துத் தேடிப் பார்த்தேன். முடியவில்லை. மூன்று நண்பர்களிடம் கொடுத்தேன். இரண்டு பேர் 69-ஐத்தான் 70 என்றார்கள். ஆனால் நான் கொடுத்த விலை இரண்டு மடங்கு வித்தியாசம்.

அதற்கு மேல் ‘முதல் அடிப்பு’, ‘ஆரம்ப வெளியீடு’ என்று வண்ணச் சீட்டு வேறு. முதலில் கேட்டபோது புது அச்சிலிருந்து முதன்முதலாக விழுந்த காசு என்றுதான் நினைத்தேன், யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். உண்மையில் காசு வெளியான முதல் முப்பது நாள் போன்ற ஒரு காலத்துக்குள் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் அதன் பொருள். அந்தக் காசு அச்சின் முதல் அடியில் வந்ததா லட்சமாவது அடியில் வந்ததா என்பதற்கும் அந்தச் சீட்டுக்கும் தொடர்பே இல்லை.

என் 70 ஒன்றுக்கு மூன்றாவது வருடம் ஒரு நோய் வந்தது. சேகரிப்பாளர்கள் பால் புள்ளி என்று சொல்வார்கள். ஸ்லாப்பைத் திறக்கவே இல்லை, வெயிலில் வைக்கவில்லை, ஒருநாள் எடுத்துப் பார்த்தால் பளபளப்பான வெள்ளிப் பரப்பின் நடுவில் பால் தெறித்துக் காய்ந்த மாதிரி வெள்ளையாக இரண்டு திட்டு. முதலில் பிளாஸ்டிக்கின் மேல் இருக்கிறது என்று நினைத்துத் துணியால் துடைத்தேன், போகவில்லை, சாய்த்துப் பார்த்தபோதுதான் அது உள்ளே காசின் மேலேயே இருப்பது தெரிந்தது. வெள்ளித் தகட்டை அடிப்பதற்கு முன் செய்யும் சுத்தத்தில் மிச்சம் இருப்பது பிறகு இப்படி வெளியே வருகிறது என்கிறார்கள். சீட்டில் இன்னும் 70 என்றுதான் இருக்கிறது. விற்கப் போனபோது எடைக்கு எடுத்துக்கொண்டார்கள். வெள்ளியின் எடைக்காகவே வாங்கும் புல்லியன் காசு பிடித்திருந்தால் சாதாரணமானதையே வாங்குங்கள், வெள்ளி விலைக்குப் பக்கத்தில் வாங்கி வெள்ளி விலைக்குப் பக்கத்தில் விற்கலாம், மனசும் லேசாக இருக்கும்.

பழைய காலத்துக் காசுகளிலும் இப்படிப் பெயருக்காக அதிகம் கொடுப்பது உண்டு. ‘ஏழை விதவையின் காசு’ என்று அட்டையில் ஒட்டி விற்கப்படுவது பெரும்பாலும் யூத அரசர் அலெக்சாண்டர் யன்னேயஸ் காலத்து, கிமு 103 முதல் 76 வரையிலான, ஒரு கிராம் அளவிலான செப்புக்காசு. அந்தப் பகுதியில் கிடைக்கும் பழங்காசுகளிலேயே மிகச் சாதாரணமானது அதுதான். பைபிளில் ஓர் ஏழை விதவை காணிக்கை போட்டதாக வரும் காசு இந்த வகையாக இருக்கலாம் என்பதால் விலை. பக்தியோடு வாங்குகிறவரை நான் தடுக்க மாட்டேன், அட்டை இல்லாமல் வாங்கினால் மலிவு என்று மட்டும் சொல்வேன்.

ஏதென்ஸ் ஆந்தைக் காசைப் பற்றி மட்டும் எனக்கு இரண்டு மனசு. கிமு ஐந்தாம் நூற்றாண்டு, முன்பக்கம் அதீனா, பின்பக்கம் நேராக நம்மைப் பார்க்கும் ஆந்தை, ஓரத்தில் ஆலிவ் கிளை, குட்டிப் பிறை. பதினேழு கிராம் சொச்சம் வெள்ளி. அரிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லாரியோன் சுரங்கத்து வெள்ளியை வைத்து ஏதென்ஸ் இதை மலைமலையாக அடித்தது, மத்தியதரைக்கடல் முழுக்க ஓடிய பணம் அது, அண்மைக் காலத்திலும் பெரும் புதையல்களாக வெளியே வந்து ஏலத்துக்கு ஏலம் வரிசையாக நிற்கிறது. அத்தனை இருந்தும் வாங்க ஆள் குறையவில்லை, ஏனென்றால் பழங்காசு ஒன்றே ஒன்று வேண்டும் என்கிற எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். விற்பதற்காக நான் போட்ட பட்டியலில் இதை ‘அதிக விலை’ என்ற பக்கத்தில்தான் எழுதினேன். விற்கவும் எடுத்துப் போனேன். வியாபாரி கையை நீட்டினார். என்னிடம் இருப்பதில் அதீனாவின் தலைக்கவசக் கொண்டை பாதி காசுக்கு வெளியே போய்விட்டது, ஆந்தையின் குறுக்கே ஒரு உளி வெட்டு, உள்ளே செம்பு இருக்கிறதா என்று யாரோ ஒருவர் இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முன் வெட்டிப் பார்த்தது. அந்த வெட்டின் மேல் என் விரல் தானாகப் போய் நின்றது. “இல்லீங்க, இது வேணாம்” என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வெட்டு இருப்பதால் விலை குறைவாகத்தான் வாங்கியிருந்தேன், எனக்கோ அந்த வெட்டுதான் காசு.

வாங்கும் முறையை இப்போது மாற்றிக்கொண்டேன். ஒரு காசு பிடித்திருந்தால் முதலில் விற்பவரிடமே கேட்கிறேன், “இதையே அடுத்த வாரம் நான் திருப்பிக் கொண்டுவந்தால் என்ன தருவீங்க?” என்று. நல்ல வியாபாரி முகம் சுளிக்காமல் ஒரு எண் சொல்வார். அந்த எண்ணுக்கும் கேட்ட விலைக்கும் உள்ள இடைவெளிதான் அந்தக் காசை வைத்து மகிழ நான் கட்டும் கட்டணம், அது எனக்குச் சம்மதமா என்று பார்க்கிறேன். இந்த ஒரு கேள்வியை அன்றைக்குக் கேட்டிருந்தால் நீல வெல்வெட் பெட்டி என் வீட்டுக்கு வந்திருக்காது. இணையத்தில் பார்க்கும்போது கேட்கும் விலையைப் பார்ப்பதே இல்லை, யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், விற்று முடிந்த ஏலங்களின் விலையைத்தான் பார்க்கிறேன், குறைந்தது பத்து. அதே நேரத்தில் இன்றைக்கு எத்தனை விற்பனைக்கு இருக்கின்றன என்றும் எண்ணிக்கொள்கிறேன். ஐம்பது இருந்தால் அவசரமே இல்லை, அடுத்த மாதமும் ஐம்பது இருக்கும். வருடத்துக்கு ஒன்றிரண்டுதான் கண்ணில் படுகிறது என்றால் அப்போது கொஞ்சம் கூடக் கொடுக்கவும் தயங்குவதில்லை.

அப்புறம், காசின் மேல் உள்ள ஆண்டை மட்டும் நம்புவதில்லை. 1780 என்று போட்ட, ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் தாலர் என்ற வெள்ளிக்காசு அவர் இறந்த பின்னும் அதே ஆண்டோடு இருபதாம் நூற்றாண்டு வரை பல நாடுகளில் அடிக்கப்பட்டது. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாய் 1874 வரை அதே ஆண்டோடு வந்தது. இரண்டையும் பழசு என்று மயங்கி அதிகம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அதேபோல் அமெரிக்காவின் 1943 சென்ட், துத்தநாகம் பூசிய எஃகுக் காசு, நூறு கோடிக்கு மேல் அடித்தது, அதில் கண்ணாடி மாதிரி மின்னுவது பலவும் பின்னால் யாரோ புதுத் துத்தநாகம் பூசியது. மங்கலாக இருந்தாலும் மறுபடி பூசாத காசுதான் வாங்கத் தகுந்தது.

விற்ற பணத்தில் பெரும்பகுதி வீட்டுச் செலவுக்குப் போனது. மிச்சத்தை வைத்து ஒரே ஒரு காசு வாங்கினேன். அந்த மூத்தவர் கண்காட்சியில் தேடச் சொன்ன 1909 எஸ் இந்தியன் ஹெட். பதினான்கு மாதம் தேடினேன். நன்றாகத் தேய்ந்தது, கரும்பழுப்பு நிறம், இறகுத் தலைப்பட்டையில் இருக்கும் லிபர்ட்டி என்ற சொல்லில் நான்கு எழுத்துதான் தெரிகிறது, அதிலும் ஒன்றை ஊகிக்க வேண்டும். பின்பக்கம் இலை வளையத்துக்குக் கீழே எஸ் மட்டும் சுத்தமாக நிற்கிறது. மூத்தவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். லென்ஸை எடுத்தார், ஜன்னல் பக்கம் திரும்பினார், ரொம்ப நேரம் பார்த்தார். “எவ்வளவு கொடுத்தீங்க தம்பி?” என்று கேட்கவே இல்லை. “நல்லா புழங்கியிருக்கு” என்றார். காசை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி விட்டார்.